கொண்டியில கட்டின துணி

வேலை நேரத்துல வேகனுக்குள்ள படுத்துத் தூங்கிப் போனேன்னு என்னைப் பத்தி ஒரு காயிதத்துல எழுதியிருக்குதுங்க. அதுக்குக் கீழ என்ர பெருவெரல் ரேகையும் இருக்குது. ரயில்வேக்காரங்க காயிதத்தை லேசுல தூக்கி எறியமாட்டாங்க, எங்கியாச்சும் ஒரு பீரோவுல கட்டுப் போட்டுக் கெடக்கும். அதுல எழுதியிருக்கறது பொய்யிங்க. பச்சைப் பொய்யி. எழுவது வயசு தாண்டியும் அதை நெனச்சா எனக்கு ஒடம்பு பத்தி எரியுது. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. அது அப்ப ஒருத்தருக்கும் தெரியலை, தெரிஞ்சுக்கோணும்னு ஒருத்தரும் கேக்கவுமில்லை. அதனால நடந்ததை நடந்தபடி இப்ப நானே எழுதிப்போடறேன்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். கோயமுத்தூர்ச் சுத்துவட்டாரத்துல ஒரு கூட்ஸ் ஷெட்டு. எந்த ஸ்டேஷன்னு சொல்லமாட்டேன். ஆரையும் திட்டறதுக்காக எழுதலைன்னு சொல்லத்தான் வந்தேன், ஆனா அது நெசமில்லை. திட்டறதுக்குத்தான் எழுதறேன். பேர் மட்டும் வேண்டாம்.

அங்க எங்க வேலைக்கு வெளிச்சம் பாக்கறதுன்னு பேரு. கூட்ஸ் வண்டியில வரிசையா வருமே, சுத்தியும் இரும்புத் தகரம் அடிச்ச பொட்டி, அதுதான் வேகன். மழை பேஞ்சா அதுக்குள்ள ஒரு சொட்டு ஒழுகக் கூடாது. சிமிட்டி மூட்டை நனைஞ்சா கல்லாப் போயிரும். பஞ்சுப் பொதி நனைஞ்சா நாறிப்போயிரும். சோளம், கடலைக்காயின்னா சொல்லவே வேண்டாம், மொளைச்சே போயிரும். அதனால சரக்கு ஏத்தறதுக்கு முந்தி ஒவ்வொரு காலி வேகனுக்குள்ளயும் ஒரு ஆள் ஏறோணும். ரெண்டு பக்கக் கதவையும் வெளிய இருந்து சாத்திப்போடுவாங்க. உள்ள கும்மிருட்டாயிரும். அப்ப எங்கெங்க வெளிச்சம் ஊசிமொனையாட்டம் தெரியுதோ அங்கெல்லாம் ஓட்டை. சாக்பீஸ்ல வட்டம் போட்டு, களிமண்ணைச் சாக்கு நாரோட பெசஞ்சு, உள்ள இருந்தே வெரலால அழுத்தி அடைக்கோணும். அடைச்சு முடிச்சு மறுபடி ஒருக்கா சுத்திப் பாக்கோணும். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லீன்னா வேகன் பாஸு.

ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டுக்குவோம். ஒருத்தி உள்ள, ஒருத்தி வெளிய. நான் நொட்டாங்கைக்காரி. எடது கையில களிமண்ணை எடுத்து அப்பறதைப் பாத்து, அந்த ஓட்டைகூட நேரா அடைபடாதுன்னு என்ர ஜோடிக்காரி கேலி பேசுவா. கேலிக்காரி, ஆனா கெட்டிக்காரி. வெளிய நின்னு கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டறது அவ வேலை. கொண்டியை மாட்டலீன்னா கதவு இறுக்கிப் புடிக்காது, சந்து வழியா வெளிச்சம் வந்து கண்ணை ஏமாத்திப்போடும். மாட்டினதும் தன்ர தலைத்துணியை அவுத்து அந்தக் கொண்டியில கட்டிப்போட்டுத்தான் அடுத்த சட்டி களிமண்ணு எடுத்துவரப் போவா.

அந்தத் துணிதான் எங்க உசுருங்க. செவப்புக் கொடி ரயில்வே ஆளுங்களுக்குத்தான், நாங்க கான்ட்ராக்ட் ஆளுங்க, எங்களுக்குக் கொடி கெடையாது. கேட்டுப் பாத்தோம், உங்களுக்கெதுக்கு அம்மணி கொடின்னு சிரிச்சாங்க. அதனால எங்களுக்கு முந்தி அங்க வேலை செஞ்ச பொம்பளைங்க இப்படி ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க. எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லாத சட்டம். ஆனா இன்ஜினை வெச்சு வேகனைத் தள்ளிக் கோத்துவுடற ஷண்டிங் ஆளுங்க அத்தனை பேருக்கும் மனப்பாடம். கொண்டியில கந்தல் தொங்குனா உள்ள ஒரு உசுரு இருக்குதுன்னு அர்த்தம், இன்ஜின் அந்த வேகனைத் தொடாது.

அந்தக் காலத்துல வேகனுக்கு அப்படி ஒரு கிராக்கி. எங்க பாத்தாலும் மில்லு கட்டறாங்க, பவுண்டரி போடறாங்க, மோட்டாரு, பம்பு செய்யறாங்க. பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கமெல்லாம் ரோட்டோரம் பூராவும் பட்டறைச் சத்தம். கரி வந்து எறங்கோணும், வார்ப்பிரும்பு வந்து எறங்கோணும், நூல் போகோணும், சிமிட்டி போகோணும். காலி வேகன் வந்து நின்னா இன்னிக்கே அனுப்பு, இப்பவே அனுப்புன்னு மேல இருந்து கத்திக்கிட்டே இருப்பாங்க. அந்த அவசரமெல்லாம் கடைசியில எங்க தலையிலதான் வந்து விடியும்.

எனக்கு அப்ப அஞ்சு மாசக் கைக்கொழந்தை. எங்கூட்டுக்காரர் மில்லுல பகல் ஷிப்டு. பையனைப் பக்கத்தூட்டுப் பாயம்மாகிட்ட உட்டுப்போட்டு வருவேன். அவியளுக்கும் மடியில கொழந்தை. அவியூட்டுக்காரர் தையல் மிசின் வெச்சிருந்தாரு. மில்லுல சாப்பாட்டுச் சங்கு ஊதினதும் ஓட்டமும் நடையுமா ஊட்டுக்குப் போயிப் பால் குடுத்துப்போட்டு வந்திருவேன். எட்டி நடந்தா பத்து நிமிசம்.

அன்னிக்குப் பெரிய தொரை வர்றாருன்னு காலையில இருந்தே அமக்களம். வெள்ளைக்காரன் போயி அத்தனை வருசமாச்சு, இருந்தாலும் எங்களுக்கு மேல இருக்கற ஆபீசர்னா தொரைதான். தூணுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாங்க. தண்டவாளத்தோரம் கல்லுக்குக்கூட சுண்ணாம்பு அடிச்சாங்கன்னா பாத்துக்கங்க. எங்களுக்கு மட்டும் வேலை நிக்கலை, ஏன்னா மத்தியானத்துக்குள்ள காலி வேகன் வேற ஸ்டேஷனுக்குச் சரக்கு ஏத்தப் போயாகோணும். நான் ஒரு வேகனுக்குள்ள ஏறினேன். ஜோடிக்காரி கதவைச் சாத்தினா, துணியைக் கட்டினா, களிமண்ணு எடுக்கப் போனா.

அந்த நேரம் பாத்து எங்க மேஸ்திரிக்கு ஒரு புத்தி தோணுச்சு. தொரை வர்ற எடத்துல கந்தல் தொங்குனா அசிங்கமாம்! நாலு வேகன்ல தொங்குன துணியை அந்த மனுசன் தன்ர கையாலயே அவுத்து எறிஞ்சாரு. அதோட உட்டாரா? கந்தல் கட்டிக்கிட்டு நிக்கற பொம்பளைங்களும் தொரை கண்ணுல படக்கூடாதுன்னு எல்லாத்தையும் ஷெட்டுக்குப் பின்னால தொரத்திப்போட்டாரு. மத்த மூணு வேகன்ல இருந்தவங்க வேலை முடியற தறுவாய், அவங்கவங்க ஜோடி கதவைத் தொறந்து எறக்கிக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. களிமண் குழியில இருந்து வந்த என்ர ஜோடிக்காரியை மேஸ்திரி வழியிலயே மறிச்சுப்போட்டாரு. உள்ள ஆள் இருக்குதுங்க, அவளை எறக்கிப்போட்டு வாரேனுங்கன்னு இவ சொல்லியிருக்கா. ஒருக்கா இல்லை, மூணு தடவை. "அட, அப்பறம் பாத்துக்கலாம் போ அம்மணி, வாயை மூடு"ன்னு அவரு வெரட்டியிருக்காரு. இதெல்லாம் எனக்குப் பொறவு தெரிஞ்சதுங்க. அப்ப நான் இருட்டுல நின்னு ஓட்டை அடைச்சுக்கிட்டிருந்தேன்.

இன்ஜின் வந்து மோதினப்ப நான் குப்புற உழுந்தேன். ஷண்டிங் இன்ஜின் பக்கத்து வேகனை இடிக்குதாக்கும்னு நெனச்சேன். துணிதான் தொங்குதே, எனக்கென்ன பயம்? அடுத்த நிமிசம் வேகன் நகருது. கத்தினேன். கதவை ரெண்டு கையாலயும் அறைஞ்சேன். இரும்புத் தகரமுங்க, கரி இன்ஜின் போடற சத்தமுங்க, ஆரு காதுல உழுகும்? ஜோடிக்காரி ஷெட்டைத் தாண்டி ஓடியாந்து தண்டவாளத்தோரம் கத்திக்கிட்டே கொஞ்ச தூரம் ஓடியிருக்கா. அதுவும் எனக்குக் கேக்கலை.

மேஸ்திரிக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. சிக்னல் கேபின்ல போன் இருந்துது. அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியை நிறுத்தியிருப்பாங்க. சொன்னாரா? தொரை அங்க நிக்கறாரு, இப்பப் போயி ஆள் மாட்டிக்கிச்சுன்னு சொன்னா தன்ர மானம் போயிருமாம். தொரை சாப்புட்டுப் போகட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்துபோட்டாரு. ஏனுங்க, ஒரு மனுசன் சோறு திங்கற நேரத்துக்கு இன்னொரு மனுசி உசுரு காத்துக்கிட்டு இருக்கோணுமா? நான் இதை நாலு பேரு முன்னால வெச்சுக் கேக்கறேன். இத்தனை வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

சித்திரை மாசம். இரும்புப் பொட்டி. வெளிய வண்டி வெசையாப் போகுது, உள்ள ஒரு இழை காத்தில்லை. ஏன் இல்லைன்னு அப்பத்தான் ரோசனை பண்ணினேன். அத்தனை ஓட்டையையும் நான்தானுங்களே அடைச்சேன்? ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாம, பாஸாகற மாதிரி, சுத்தமா அடைச்சு முடிச்சிருந்தேன். என்ர கையாலயே என்ர காத்தை அடைச்சுப்போட்டேன். அட கெரகமே!

அடைச்சதையெல்லாம் மறுபடி நோண்ட ஆரம்பிச்சேன். கொண்டை ஊசியை வெச்சுக் குத்தினேன், அது வளைஞ்சுபோச்சு. அப்பறம் வெரல்தான். அடைக்கறப்ப நான் எவ்வளவு நல்ல வேலைக்காரின்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, சனியன், களிமண்ணு சூட்டுல இறுகிக் கல்லாயிருந்துது. எடது கைப் பெருவெரலை உட்டு நெம்பி நெம்பித் தள்ளினேன். துருப்புடிச்ச தகரத்து ஓரம் கத்தியாட்டம் இருக்கும். வெரல் குறுக்கால கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. ஒரு ஓட்டை தொறந்துது. வாயை அதுல வெச்சு உறிஞ்சினேன். காத்தோட கரித்தூளும் வந்துது, வரட்டும்னு உறிஞ்சினேன்.

அப்பறம் அடுத்தது, அப்பறம் அடுத்தது. சட்டியில மிச்சம் இருந்த ஈரக் களிமண்ணை எடுத்துத் தலையில, கழுத்துல, நெஞ்சுல அப்பிக்கிட்டேன். அது இல்லீன்னா செத்திருப்பேன். ஓட்டையில கண்ணை வெச்சா வெளிய ஊர் போகுது. நான் பொறந்தது சூலூர்ப் பக்கம், அந்த வழியெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஆனா ஒண்ணுமே புடிபடலை. எங்கப்பன் சோளம் வெதைச்ச காட்டுல ஒரு மில்லுச் செவுரு ஓடுது, முடியவே மாட்டீங்குது. கெணறு இருந்த எடத்துல கரி அம்பாரம். பொகைக் கூண்டு ஒண்ணு போனா அடுத்தது வருது. இத்தனையும் எங்களையாட்டம் பொம்பளைங்க அடைச்ச வேகன்ல வந்த சிமிட்டியிலதான் நிக்குது. நல்லா நிக்கட்டும், எனக்கொண்ணும் பொறாமையில்லை. உள்ள ஒருத்தி இருக்காளான்னு ஒரு ஆளு எட்டிப் பாத்திருக்கலாமேங்கறதுதான் என்ர ஆத்தாமை.

எதோ ஒரு மில்லுல சாப்பாட்டுச் சங்கு ஊதுச்சு. சொன்னா நம்புவீங்களோ என்னமோ, அந்தச் சத்தம் காதுல உழுந்ததும் எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலி தாங்கலை. ரவிக்கை பூராவும் நனைஞ்சுபோச்சு. எனக்குத் தாகத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு, என்ர பையனுக்கு வேண்டிய பால் வேகன் தரையில சொட்டுது. அப்பத்தானுங்க நான் அழுதேன். அதுவரைக்கும் அழுகலை.

அழுது முடிச்சப்ப அந்தத் துணி ஞாபகம் வந்துது. வெளிய துணி தொங்கலை, அதனாலதானே இப்படி ஆச்சு? சரி, உள்ள இருந்து தொங்கவுட்டா என்னன்னு சீலைத் தலைப்பைப் பல்லால கடிச்சுக் கிழிச்சு, இருக்கறதுல பெரிய ஓட்டை வழியா வெளிய தள்ளினேன். என்ர நேரம் பாருங்க, கட்டியிருந்தது பச்சைச் சீலை. பச்சையைக் காட்டினா ரயிலு இன்னும் வெசையாத்தானே போகும்? அந்த நெலமையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துபோச்சு.

திருப்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன்ல இன்ஜினுக்குத் தண்ணி புடிக்க வண்டியை நிறுத்தினாங்க. தண்டவாளத்தோரம் நடந்து வந்த, வண்டிக்குத் தடம் மாத்தி உடற பாயிண்ட்ஸ்மேன் ஒருத்தர் வேகன்ல துணி பறக்கறதைப் பாத்துப்போட்டுக் கிட்ட வந்தாரு. கிழிஞ்ச வெரல்ல தகரத்தைத் தட்டினேன். கொண்டியைத் தொறந்தாரு. களிமண்ணும் ரத்தமும் பாலுமா நான் நின்ன கோலத்தைப் பாத்து அந்த மனுசன் ரெண்டடி பின்னால போயிட்டாரு. அப்பறம் கையைக் குடுத்து எறக்கி வாளித் தண்ணியைத் தலையில ஊத்தினாரு. டிரைவர் எறங்கியாந்து தன்ர தூக்குப்போசியில இருந்த மோரைக் குடுத்தாரு. அவிய ரெண்டு பேரும் எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும்.

ஸ்டேஷன் மாஸ்டர் வந்தாரு. மொதல்ல வேகனைப் பாத்தாரு. உள்ள எட்டிப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாத்துக் கேட்ட மொதல் கேள்வி என்ன தெரியுமுங்களா? "ஏம்மா, இத்தனை ஓட்டையை எதுக்குத் தொறந்து உட்டே? இதுல இனி எப்படிச் சரக்கு ஏத்தறது?" என்னத்தைச் சொல்றது? தப்புத்தானுங்க, செத்திருக்கோணும், வேகனாச்சும் பாஸாகியிருக்கும்னு சொல்றதா?

எதிர்ல வந்த கூட்ஸ் வண்டியில, கடைசியில கார்டு உக்காந்து வர்ற பொட்டியில என்னை ஏத்தி அனுப்பினாங்க. பொழுது சாயற நேரத்துக்கு ஊடு வந்து சேர்ந்தேன். பையன் பாயம்மா மடியில தூங்கறான். ரெண்டு தடவை பால் குடுத்தேன் கண்ணு, எம்பட பிள்ளைக்கும் அவனுக்கும் ஒட்டுக்காத்தான் குடுத்தேன், நீ அழுகாதேன்னு அவிய சொல்லச் சொல்ல நான் இன்னும் அழுதேன். தன்ர துணியிலயே ஒரு துண்டு கிழிச்சு என்ர பெருவெரலுக்கு மஞ்சள் வெச்சுக் கட்டி உட்டதும் அவியதான்.

மூணாம் நாள் ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. கிளார்க்கு ஒருத்தர், மேஸ்திரி, நான். தமிழ்ல எழுதின காயிதம் தயாரா இருந்துது. மேசையில தலைகீழாக் கெடந்தாலும் நான் படிச்சுப்போட்டேன். நான் வேலை நேரத்தில் அசதியால் வேகனுக்குள் தூங்கிவிட்டேன், வேகன் நகர்ந்தது எனக்குத் தெரியாது, இதில் வேறு யாருடைய தவறும் இல்லை. மூணே வரி.

"நான் தூங்கலைங்க. துணி கட்டியிருந்துதுங்க. அதை அவுத்தது இவருங்க"ன்னேன். கிளார்க்கு மேஸ்திரியைப் பாத்தாரு. மேஸ்திரி எங்கிட்ட வந்து அப்படி ஒரு கொழையலாப் பேசறாரு. "அம்மணி, கோவிச்சுக்காதீங்க. ரேகையை வெச்சுப்போட்டு நாளைக்கே வேலைக்கு வாங்க. இல்லீன்னா வெளிச்சம் பாக்கற உங்க பன்னெண்டு பேரையும் நிறுத்திப்போட்டு வேற ஆளு எடுக்கச் சொல்றாங்க. நான் என்னங்க பண்றது?" அதுவரைக்கும் என்னை வா போன்னு சொன்ன மனுசன், அன்னிக்கு ஒரு நாளுதான் ங்க போட்டாரு. எங்கூர்ல மரியாதைக்குக் கொறைச்சலே இல்லைங்க. வாங்க போங்கன்னு சொல்லிக்கிட்டேதான் கழுத்தை அறுப்பாங்க.

பன்னெண்டு பேரு. அதுல என்ர ஜோடிக்காரிக்குப் புருசன் இல்லை, அவ கூலியிலதான் நாலு வவுறு. பேனாவைக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்னு மட்டும் கேட்டேன். படிச்சவன்னு தெரிஞ்சா ஒருவேளை அந்த மூணு வரியையாச்சும் மாத்துவாங்களோன்னு ஒரு நெனப்பு. "உங்களுக்கெல்லாம் ரேகைதான் அம்மணி, எடது பெருவெரல்"னு சொல்லிக் கிளார்க்கு மைப்பொட்டியைத் தள்ளினாரு. வெரல்ல கட்டு இருந்துது. அதை அவுத்துப்போடுங்கன்னாரு. நான் கையை நீட்டாம நின்னேன். கிளார்க்கே எந்திரிச்சு வந்து, பாயம்மா கட்டின அந்தத் துணியை அவுத்துக் குப்பைக்கூடையில போட்டாரு.

வெச்சேன். வெச்சுப்போட்டேனுங்க. எட்டாவது படிச்சவ, மூணு வரிப் பொய்யைப் படிச்சுப் பாத்துத் தெரிஞ்சே ரேகை வெச்சேன். மேஸ்திரி மேல இருக்கற கோவத்துல பாதி என்மேலயே இருக்குது.

அந்த வாரமே எங்களுக்கு ஒரு உத்தரவு வந்துது. செவப்புக் கொடி குடுப்பாங்கன்னு பாத்தா, வேகன்ல ஆரும் கந்தல் துணி கட்டக் கூடாதாம்! நாங்க ஒரு சண்டையும் போடலை. துணி கட்டாத வேகன்ல ஒருத்தியும் ஏறலை, அவ்வளவுதான். ரெண்டு நாள் காலி வேகன் அப்படியே நின்னுது. மூணாம் நாள் துணி கட்டினோம், ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. அப்பறம் நான் இன்னும் ஆறு வருசம் அங்கதான் வேலை செஞ்சேன், ஒரு நாளும் ஒரு துணியும் அவுந்ததில்லை.

ஆனா அந்தக் காயிதம் அப்படியேதான் இருக்குது. எந்தப் பீரோவுல இருக்குதோ, ஆராச்சும் எப்பவாச்சும் எடுத்தா, அந்த மூணு வரியைப் படிக்க வேண்டாம். கீழ இருக்கற ரேகையைப் பாருங்க. குறுக்கால ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். அந்த எடத்துல மை ஒட்டலை, நான் பாத்தேன். தகரம் கிழிச்ச வெட்டு அது. கிளார்க்கும் பாத்தாரு, மேஸ்திரியும் பாத்தாரு. தூங்கிக் கெடந்தவளுக்கு அந்த வெட்டு எப்படிங்க வந்துது?